டீக்கோப்பைகூட ஆடாது

"உங்க வீட்ல டீக்கோப்பைகூட ஆடாது" என்று ஜம்புநாதன் லேப்டாப்பைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் சுவர்க்கடிகாரம் தொப்பென்று விழுந்தது.

எட்டாயிரம் மைலுக்கு அப்பால், அமெரிக்க ஊர் ஒன்றின் கூட்டத்தில் இருநூறு பேர் அதைப் பார்த்தார்கள். பூமிக்கடியில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் கம்பெனியில் ஐயாவுக்குப் பாதுகாப்பு அதிகாரி உத்தியோகம். நிலநடுக்கம் வருமா என்று ஊர் கேட்கும். புனே கராடி ஏரியாவில் தன் மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வரவே வராது என்று இவர் சொல்வார். இன்றைக்கு ஊர் சம்மதித்தால் குடும்பத்தோடு அமெரிக்காவில் ஆன்சைட் வேலை. பதினோரு வருஷத் தவம்!

"ஒண்ணுமில்லை, என் மனைவி மாவு அரைக்கிறாள்."

வைஜயந்திக்குப் பொறுக்குமா? அவளும் இங்கிலீஷிலேயே எட்டிப் பார்த்தாள். "நானா? கிரைண்டர் ரிப்பேராகி மூணு மாசம் ஆச்சு!"

"அப்ப மேல் வீட்ல ஜூம்பா."

"நாமதான் கடைசி மாடி!"

ஷெல்பிலிருந்து டம்ளர்கள் வரிசையாக உருண்டன. அந்த நேரம் பார்த்து அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரி தேஷ்பாண்டே பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தார்.

"ஜம்பு சாப், குட் நியூஸ்! போர்வெல் வத்திப்போச்சுல்ல? லாரி வந்தாச்சு. பிரஷர்ல தண்ணி அடிச்சுப் பாறையை உடைக்கிறோம். உங்க கம்பெனி டெக்னாலஜிதான், சின்ன சைஸ்!"

கேமராவுக்கும் ஒரு வணக்கம் வைத்தார் புண்ணியவான்.

சுவரில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. ஜம்புநாதனுக்குக் கம்பெனி, ஆன்சைட் எல்லாம் மறந்துபோயிற்று. கத்தினார், அதுவும் சுத்தமான இங்கிலீஷில்.

"உடனே நிறுத்துங்க! மனுஷங்க குடியிருக்கோம்! கீழே எது உடையும், எது இடியும்னு எவனுக்குத் தெரியும்?"

மைக் ஆனில்தான் இருந்தது. திரையில் இருநூறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வைஜயந்தி தலையில் கைவைத்துச் சோபாவில் உட்கார்ந்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

முன்வரிசையில் ஒரு கிழவி மைக்கை வாங்கினாள்.

"இதுவரைக்கும் எங்ககிட்ட உண்மையைச் சொன்ன ஒரே ஆபீசர் இவர்தான். எங்களுக்குச் சம்மதம். ஒரே கண்டிஷன்: எரிவாயுக் கிணத்திலிருந்து பத்தடியில வீடு தர்றோம், இவர் குடும்பத்தோட அங்கேதான் குடியிருக்கணும்."