அடைப்பெடுத்த சாமியும் சுந்தரபாண்டியன் கண்ணும்

வத்திராயிருப்பு பஸ்ஸில் நிற்க இடமில்லை. அத்தனை பேரும் வ. புதுப்பட்டிக்குத்தான். அங்கே மாரீஸ்வர சாமி பித்தளைக் குழலைக் கண்ணில் வைத்து உறிஞ்சுகிறார், உமியைத் துப்புகிறார். கண்ணிலிருந்த அடைப்பாம்! கண்ணுக்குள் நெல் எப்போது விளைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குத்தமாகிவிடும்.

கான்சாபுரம் பரிபூரணத்துக்குத் திடீரென்று வலது கண் மங்கியது. ராஜபாளையத்தில் டாக்டர் வெங்கடேஸ்வரி சோதித்துவிட்டுச் சொன்னார்: "விழித்திரையில ரத்தம் திரும்பிப் போற குழாய் அடைச்சிருக்கு. வடிகால் அடைச்சா வயல்ல தண்ணி தேங்கி நாத்து அழுகுதுல்லா? அதே மாதிரி கண்ணுக்குள்ள கசிஞ்சு தேங்கி, பார்வை தர்ற செல்லெல்லாம் வீணாப் போகுது. தள்ளிப்போடாம கண்ணுல ஊசி போடணும்."

கண்ணில் ஊசியா? பரிபூரணம் காணிக்கைச் சேவலோடு புதுப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டாள். துணைக்குக் கணவர் சுந்தரபாண்டியன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏட்டி, வடிகால் அடைச்சா மம்பட்டி எடுப்பியா, வரப்புல நின்னு உறிஞ்சுவியா?"

"சும்மா வாங்க. ஊரே வருது."

சாமி முன் சுந்தரபாண்டியன் முந்திக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு மொதல்ல பாருங்க சாமி. இடது கண்ணு சுத்தமாத் தெரியல."

சாமி உறிஞ்சினார். துப்பினார். உமி, அதுவும் மூன்று.

"எம்புட்டு அடைப்பு பாத்தீரா? நரம்பு தெறந்துட்டு. அமாவாசைக்குள்ள பார்வை வந்துரும்."

"அப்படியா?" சுந்தரபாண்டியன் இடது கண்ணைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். பட்டாளத்தில் கண் போன பிறகு பொருத்திய கண்ணாடிக் கண் அது. சாமி அசலூர்க்காரர், பாவம், அவருக்குத் தெரியாது. "அமாவாச வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பார்வை வந்ததும் சொல்லி அனுப்புங்க."

சாமி வாயைப் பிளந்தார். கடைவாயில் ஒதுக்கியிருந்த மிச்ச உமியெல்லாம் மடியில் கொட்டியது.

பின்னாலிருந்த பக்தர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடைப்ப எடுக்கச் சொன்னா கண்ணையே எடுத்துட்டாரே. சாமிக்கு எம்புட்டு சக்தி."

பரிபூரணம் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். பயம் போகவில்லை. ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏங்க, ஊசி போடும்போது என் கையப் பிடிச்சுக்குவீங்கள்லா?"

"பிடிக்கேன். சேவல யாரு பிடிக்க?"

கண்ணாடிக் கண்ணைக் கழுவி மாட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார்கள். அத்தனை நல்ல கண்கள் கூடிய இடத்தில் சாமியின் கடைவாயைக் காட்டிக்கொடுத்தது ஒரு கண்ணாடிக் கண். மற்றக் கண்களே, நீங்களெல்லாம் எதற்கு இருக்கிறீர்கள்?