தனசேகர் மீது நான் கொடுத்த புகார்

கோபம் வந்தால் நான் கத்த மாட்டேன். வரிசை எண் போட்டு எழுதுவேன். கத்துகிறவர்களைவிட என்னைப் போன்றவர்கள்தான் ஆபத்து. அதைத் தெரிந்துகொள்ள ஒருவனுடைய வேலையையே பலி கொடுக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எடை இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் சிறிய கம்பெனி. எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டரில் உள்ள நகலைத் திருத்தி, பொதுக் கம்ப்யூட்டரில் சேர்ப்போம். அங்கே மெயின் என்று ஒரு கிளை, அதாவது புரோகிராமின் ஒரு தனி வடிவம். வாடிக்கையாளர்களுக்குப் போவது அதுதான். பூந்தமல்லி வாடிக்கையாளர் ஒருவருக்காக மட்டும் தனியாகப் பிரித்த கிளை இன்னொன்று.

நான் சேர்த்த திருத்தங்கள் காணாமல் போயின. ஒன்றிரண்டல்ல, பன்னிரண்டு நாளாக எல்லாமே. என் திரையில் இருக்கும். மெயினைக் கவனித்துக்கொள்ளும் தனசேகர் அதிலிருந்து எடுத்துத் தரும் ஃப்ளாப்பியில் இருக்காது. அவனைத் தவிர வேறு யார் அழிப்பார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இன்னாத்துக்கு மேடம் உங்க வேலைல கை வைக்கப்போறேன்?" என்று சிரித்தான். (சிரிப்பு வேறு!)

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, "வாயால சொன்னா காத்துல போயிரும். எழுதிக் குடு, மூணு காப்பி" என்றார். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு அது வேதவாக்கு. ஒன்பது குற்றச்சாட்டுகள், தேதியோடு, நேரத்தோடு. ஐந்தாவது: 'விசாரித்தால் சிரிக்கிறார்.'

மேனேஜர் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். "நாளைலேர்ந்து வராதப்பா."

தனசேகர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். "போறேன் சார். மேடம் மெஷின ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கட்டளை தட்டினான். என் நகல் எந்தக் கிளையோடு ஒட்டியிருக்கிறது என்று திரை சொன்னது. பூந்தமல்லி.

அந்த வாடிக்கையாளரின் குறை ஒன்றைப் பார்க்க, பன்னிரண்டு நாளுக்கு முன் அந்தக் கிளையை என் கம்ப்யூட்டருக்கு இழுத்தவள் நான். மெயினுக்குத் திரும்பவே இல்லை. அந்தப் பாழாய்ப்போன சிஸ்டம் ஒருமுறை ஒட்டிய கிளையை விடாது. சேர்ப்பதையெல்லாம் சத்தமில்லாமல் அங்கேயே போட்டுக்கொண்டிருக்கும். (என்னை ஒரு வார்த்தை கேட்டால் அதற்கு என்ன குறைந்துவிடும்?)

"இன்னா மேடம், தேடுற பொருள உங்க ஊட்லயே வச்சிகினு என்னத் தொரத்துறீங்க!"

என் நகலை மெயினுக்குத் திருப்ப ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. சிதறிய திருத்தங்களை மெயினில் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. அவன்தான் பக்கத்தில் இருந்து சேர்த்தான். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன், அதுவும் மூன்று காப்பி. அவன் வேலை தப்பியது. என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆபீஸில் அவன் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டேன். வீட்டில்தான் முடியவில்லை. பன்னிரண்டு நாளும் நான் அவனைத் திட்டியதைக் கேட்டவள் என் அம்மா, திருநெல்வேலிக்காரி.

"நீ எரக்கப்பட்டுச் சொல்லுத. அவன் லேசுப்பட்டவன் இல்லட்டி."

என் கல்யாணத்துக்கு அவன் மனைவியோடு வந்தான். பந்தியிலிருந்து அவன் எழுந்து போகும்வரை அம்மா வெள்ளி டம்ளரை விட்டு நகரவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் குக்கர் ரப்பர் காணவில்லை என்றால் யாரும் தேடுவதில்லை. என் மகள்கூட டிவியிலிருந்து கண்ணைத் திருப்பாமல் சொல்கிறாள்: "தனசேகர் மாமா எடுத்திருப்பாரு."