அழகுக் கிராணியின் கிரீடம்

ஈப்போவில் ஊசிக்கு அஞ்சாத ஆண்மகன் ஒருவன்கூட இல்லை என்ற பேருண்மையைக் கண்டறிந்தவர் எங்கள் 'அழகுக் கிராணி' டாக்டர்தான்.

பெயர்க்காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செமோர் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் சீவிப் பாலெடுத்தவரின் மகளாகப் பிறந்தவர் அவர். இளமையில் அழகிப் போட்டியொன்றில் வென்று 'அழகு ராணி' ஆனார். தோட்டத்து மக்கள் ராணியைக் கண்டவர்களல்லர். அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியையே கண்டவர்கள். செய்தி அவர்கள் காதில் அவ்வாறே விழுந்தது.

"முனியாண்டி மக அழகுக் கிராணி ஆயிட்டாளாம் அக்கா!"

"அது என்னா வேல?"

"கையெழுத்து அழகா இருக்கும் போல. மாசச் சம்பளம் லா!"

பின்னாளில் அவர் மருத்துவம் பயின்று, ஈப்போவில் கிளினிக் திறந்து, வார இதழில் கதைகளும் எழுதினார். தோட்டத்தார் வியக்கவில்லை. "எழுதற வேலன்னு நாங்க அப்பவே சொன்னோமே" என்றனர்.

மேடைப் பழக்கம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை. முட்டிவலி என்று சென்றால், "சுவர் வரைக்கும் நடங்க. திரும்புங்க. இப்ப சிரிங்க" என்பார்.

"சிரிப்பு எதுக்கு டாக்டர்?"

"நெசமா வலிக்குதா, லீவு வேணுமான்னு அதுல தெரிஞ்சிரும் லா."

ஊசியைக் கண்டு நடுங்குவோருக்குத் தம் பழைய கிரீடத்தை எடுத்துச் சூட்டுவார். "ஆடாதீங்க, மிச்சக் கல்லும் கொட்டிரும்!" நோயாளி மூச்சடக்கிக் கிரீடத்தைக் காப்பாற்றும் நேரத்தில் ஊசி ஏறி இறங்கிவிடும். லாரி ஓட்டுநர், சிலம்ப ஆசான், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் எனப் பலரும் அங்கே முடிசூடியவர்கள்.

கதைகளில் நோயாளியின் பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். பயன் என்ன? பீடோர் ஊரின் கொய்யா வியாபாரி ஒருவர், "மூலக்காரர்னு ஒருத்தர் வராரே, அது நான்தான் அண்ணே!" என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம் இதழை விரித்துக் காட்டினார்.

நான் அத்தகையவன் அல்லன். கல்லூரி விரிவுரையாளனாக இருந்தவன். அப்போது தமிழ் மன்றத் தலைவன். இன்று அப்பொறுப்பில் இல்லாமையால் இதைக் கூற முடிகிறது. ஒருநாள் துருப்பிடித்த வேலிக்கம்பி ஒன்று என் காலைக் கிழித்தது. டாக்டர் ஊசியை எடுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"உக்காருங்க சார்."

"இதை மாத்திரையாக வழங்க இயலாதா அம்மா?"

அவர் அலமாரியைத் திறந்தார். கிரீடத்தின் அளவு எனக்குச் சரியாக இருந்தது என்பதற்கு மேல் வாசகர் எதையும் எதிர்பார்க்க வேண்டா.

அவ்வார இதழில், அவருடைய அடுத்த கதை 'முடிசூட்டு விழா' என்று அறிவிப்பு வந்தது. நான் மேடையேறினால் எழுந்து நிற்கும் சபை, இனி என் தலையைப் பார்த்துச் சிரிக்குமே! அந்தக் கவலை இன்னும் சில நாள் நீடித்திருந்தால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் எனக்கொரு கட்டில் தேட வேண்டியிருந்திருக்கும்.

இதழ் வெளிவந்த காலையில், நான் தேநீர் அருந்தும் கடையின் உரிமையாளர் காதர் அண்ணன் அதை உரக்கப் படித்தார்.

"ஊசிக்குப் பயந்து கிரீடம் போட்ட ஆளு யாரு தெரியுமா?"

நான் கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு வழி பார்த்தேன்.

"டாக்டரம்மாவேதான் லா! அதுக்கு ஊசி போட நர்ஸு வந்தா, 'இதை மாத்திரையாக வழங்க இயலாதா'ன்னு கெஞ்சுது. டாக்டரம்மா என்னா சுத்தமா தமிழ் பேசுது பாருங்க!"

கடையே குலுங்கியது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் நான். பல நாள் நெஞ்சை அழுத்திய பாறாங்கல் அச்சிரிப்பில் உருண்டோடியது. என் அச்சம் முழுவதையும் அவர் தம் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டார்.

மறுநாள் கிளினிக் சென்றேன். வழியெல்லாம் ஒரு நன்றியுரையை இலக்கணப் பிழையின்றி அமைத்துக்கொண்டே போனேன்.

"என்னா செய்யுது சார்?"

"ஒன்றுமில்லை."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

உரையின் முதல் வரியே நினைவுக்கு வரவில்லை.

"சும்மாதான் டாக்டர்" என்றேன். "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."