ராகு காலத்துக்கு முன்னால் வந்த நாலு பேர்

ஆன்லைன் விளையாட்டை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதை இந்த உலகத்தில் எந்த அம்மாவும் இன்றுவரை நம்பியதில்லை. "அதை அப்படியே நிறுத்தி வெச்சுட்டு வந்து சாப்பிடுடி" என்பார்கள். பொங்குகிற பாலைப் பார்த்து, "கொஞ்சம் இரு, பல் தேய்த்துவிட்டு வருகிறேன்" என்று சொன்னால் அது கேட்குமா? இதுவும் அப்படித்தான். நாம் எழுந்து போன அந்த இடைவெளியில் எவனாவது வந்து நம்மைச் சுட்டுவிட்டு, நம் பையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். (சாம்பாரும் ஆறிப்போயிருக்கும். இரட்டை நஷ்டம்.)

இந்த எளிய உண்மையை என் அம்மா புரிந்துகொண்டிருந்தால், என்னைப் பெண் பார்க்க வந்த வீட்டார் முன்னால் நான் கொலைகாரியாக நின்றிருக்க மாட்டேன்.

எங்கள் வீடு வெண்ணந்தூரில். வீட்டை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் கூடம். தறி ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், கத்துவார்கள். "உப்பு போதுமா?" என்று கேட்பதே தெருச்சண்டை மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. திருச்செங்கோட்டில் பொறியியல் படித்தபோது நான் நூலகத்தில் ரகசியம் சொன்னால் கேன்டீனில் பதில் வரும்.

படித்து முடித்து வீட்டிலிருந்தே வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை. நான்கு பேர் கொண்ட அணி. மற்ற மூவரையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவன் பெயர் ஆத்தூர் அணில். இன்னொருவன் கொல்லிமலைக் கரடி. மூன்றாமவன் பெயரில் வெறும் எண்களாக இருந்ததால் அவனை நாங்கள் 'டேய்' என்றே அழைத்தோம். என் பெயர் வெண்ணந்தூர் வேங்கை. (சிரிக்காதீர்கள். அப்போது அது கம்பீரமாக இருந்தது.)

இந்த நிலைமையில்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. ஜவுளி மொத்த வியாபாரக் குடும்பம். பையன் பெயர் சரவணன். புகைப்படத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அதை வீட்டில் காட்டிக்கொள்ளாமல், "பாக்கலாம்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, அறைக்குள் போய் அவனுடைய சமூக வலைத்தளப் பக்கத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டித் தோண்டிப் பல வருடம் ஆழத்துக்குப் போனபோது, ஏற்காட்டில் மிளகாய் பஜ்ஜியோடு அவன் நிற்கும் படத்தின் மேல் என் கட்டைவிரல் பட்டு, சிவப்பு இதயம் ஒன்று மலர்ந்தது. உடனே அழித்தேன். அழித்தாலும் அவனுக்கு அறிவிப்பு போயிருக்கும் என்று தோழி சொன்னாள். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பெண் பார்க்கும் நாள் வளர்பிறை வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே வெள்ளிக்கிழமை நண்பகலோடு எங்கள் விளையாட்டின் இந்தச் சீசனும் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால், மாதக்கணக்காக நாங்கள் உயிரைக் கொடுத்து ஏறிக்கொண்டிருந்த உச்சப் பட்டத்துக்குப் போய்விடலாம். மணி பத்துகூட ஆகவில்லை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, அதன் மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு நான் குனிந்த தலை நிமிராத குலமகள்.

ஆனால் செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் வியாபாரிகள். பன்னிரண்டு மணி வரை எதற்குக் காத்திருப்பது, ராகு காலம் தொடங்குவதற்கு முன்னாலேயே போய்விட்டால் மதியம் கடையைப் பார்க்கலாமே என்று முடிவு செய்து, பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, குடும்பத்துக்கே தலைவரான பெரியப்பா. ஆக நாலு பேர். நான் விளையாட்டில் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா கதவைத் தட்டியிருக்கிறாள். தறிச் சத்தமும் ஹெட்போனும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன.

விருந்தாளிகள் வரும்போது தறியை நிறுத்திவிடலாமே என்று அம்மா சொன்னதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடட்டும். தறி ஓடற சத்தம் கேட்டாத்தான் சம்பந்திக்காரங்களுக்கு நம்ம மேல ஒரு இது வரும்" என்றார். அந்த 'இது' எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள்.

வீட்டுக் கூடத்தில் நடந்ததை அம்மா எனக்குப் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காரம் கூட்டி. எல்லோருக்கும் பஜ்ஜி வைத்தாகிவிட்டது. அப்பா தறிச் சத்தத்தை மீறி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கிறார்:

"எங்க பொண்ணு ரொம்ப சாதுங்க! ஊட்டுல இருக்கறதே தெரியாதுங்க! சத்தமாப் பேசவே தெரியாதுங்க!"

அந்த நொடியில் கரண்ட் போனது.

தறிகள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. வீடு முழுக்க ஒரு மயான அமைதி. என் தலைக்கு மேலிருந்த மின்விசிறியும் நின்றது. அதைக் கவனிக்க எனக்கு ஏது நேரம்? இணையம் ஒரு கணம் திக்கித் திணறி, வைஃபையிலிருந்து சிம்முக்குத் தாவி, ஆட்டம் தொடர்ந்தது. மாரியாத்தா கைவிடவில்லை என்று மகிழ்ந்தேன். விளையாட்டுக்குள் நாங்கள் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒளிந்திருந்தோம். எதிரணி கீழே புகுந்துவிட்டது. நான் வழக்கம்போல், ஓடாத தறியோடு போட்டிபோட்டுக் கத்தினேன்:

"டேய், நாலு பேரு வந்துட்டானுங்கடா! கீழ ஹால்லதான் இருக்கானுங்க!"

கூடத்தில் நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இருக்கட்டும், அவசரப்படாதீங்க! நல்லா உள்ள வரட்டும்! ஒருத்தன்கூட உசுரோட திரும்பிப் போகக் கூடாது!"

அப்பாவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்ததாம்.

"அந்த மொட்டையை முதல்ல போடு! மண்டையிலயே போடு, மண்டையிலயே!"

பெரியப்பாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. பளிங்கு மாதிரி இருக்கும். அவருடைய ஒரு கையில் பஜ்ஜி இருந்தது, இன்னொரு கை தானாகவே எழுந்து போய் மண்டையை மூடிக்கொண்டது.

"அந்தப் பொம்பளைய எனக்கு விட்டுருங்க! பெரிய பையோட வந்திருக்கா பாரு, ஆளை முடிச்சுட்டு அந்தப் பையைத் தூக்கிடலாம்!"

சரவணனின் அம்மா, மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாராம்.

இதற்குமேல் பொறுக்காமல் என் அம்மா கதவைத் திறந்துகொண்டு புயலாக உள்ளே வந்தாள். ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள். அதோடு மல்லிகைச் சரமும் பாதி வந்தது. அந்தத் தடுமாற்றத்தில் எவனோ என்னைச் சுட்டுவிட்டான்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று அலறினேன்.

"ஆமாண்டி, எல்லாம் போச்சு! அவங்க வந்துட்டாங்க. ஹால்ல உக்காந்திருக்காங்க. கரண்டு போயி எல்லாம் கேட்டுருச்சு. மொட்டையைப் போடுன்னியே, அவரு மாப்பிள்ளையோட பெரியப்பாடி!"

அப்போதுதான் காதில் விழுந்தது, அந்த அமைதி. எங்கள் வீட்டில் கடிகாரம் டிக்டிக்கென்று ஓடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பூவைச் சரிசெய்யக்கூட விடாமல் அம்மா என் கையில் காப்பித் தட்டைத் திணித்தாள். நான் கூடத்துக்குள் நுழைந்தபோது ஒருவரும் அசையவில்லை. கோப்பைகள் மட்டும் தட்டில் கலகலவென்று பேசின. முதலில் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் காப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கோப்பையை எடுத்து மிகப் பணிவாக என் அப்பாவிடம் கொடுத்தார்.

"நீங்க முதல்ல குடிங்க."

அப்பா சூடு பார்க்காமல் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. (காப்பியாலா, என்னாலா என்று நான் இதுவரை கேட்டதில்லை.)

சரவணனுக்குக் கொடுக்கப் போனேன். அவன் தலையைத் தொங்கப்போட்டபடி கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தான். முகம் இருண்டு கிடந்தது. சரி, இந்தச் சம்பந்தமும் முடிந்தது, என் வாயாலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். திடீரென்று அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு, கூடமே கேட்கும்படி கத்தினான்:

"அய்யோ, கொன்னுட்டானுங்களே!"

பெரியப்பா அவன் தோளைத் தட்டினார். "இன்னும் இல்லடா சாமி. இப்பத்தான் காப்பியே வந்திருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அம்மிணி, உள்ளார யாரோட பேசிட்டு இருந்தே?"

"கேமுங்க" என்றேன். என் வாழ்க்கையிலேயே மிக மெல்லிய குரலில்.

"மொட்டையை முடிச்சாச்சா?"

"இல்லைங்க. அதுக்குள்ள அம்மா வந்துட்டாங்க."

அவர் எழுந்து என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்களுக்குக் கோடி புண்ணியமுங்க."

சம்பிரதாயத்தை விட்டுவிடக் கூடாதே என்று அப்பா, "பொண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் மொட்டை..." என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேல... மேல போயி ரெண்டு வார்த்தை பேசட்டுங்க" என்று முடித்தார்.

மாடியில் வெயில் கொளுத்தியது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவனும் அப்படித்தான் இருந்தான்.

"மன்னிச்சுக்கங்க. உங்களை எல்லாம் சொல்லலைங்க. அது கேமுல வந்த நாலு பேரு" என்றேன்.

"அது தெரியுமுங்க. கொஞ்ச நேரத்துலயே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அப்படிக் கத்துனீங்க?"

அவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அவனுடைய உயிருக்குயிரான நடிகரின் படம் அன்றைக்குத்தான் வெளியாகியிருந்தது. சேலத்தில் முதல் காட்சிக்கு ஒரு மாதமாகச் சொல்லிவைத்து டிக்கெட் வாங்கியிருந்தான். வளர்பிறை வெள்ளி என்று சொல்லி அவன் அம்மா அதை வேறொருவனுக்குக் கொடுக்க வைத்துவிட்டார். சரி, மாலைக் காட்சிக்குப் போகலாம், அதுவரை யாரிடமிருந்தும் கதை காதில் விழக் கூடாது என்று எல்லா வாட்ஸப் குழுக்களையும் வாயடைத்து வைத்திருக்கிறான். பெங்களூரில் விடிகாலைக் காட்சி பார்த்த நண்பன் ஒருவன், கடைசியில் கதாநாயகன் சாகும் காட்சியை அப்படியே படம்பிடித்து, அழுகிற பொம்மைகளோடு ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான்.

"மாசக்கணக்கா காத்திருந்தேனுங்க" என்றான். குரல் உடைந்தது.

அந்தக் குரலை நான் அறிவேன். சற்று முன்பு என் அறையில் நான் அலறிய அதே குரல். அவன் மேல் எனக்கு எல்லையில்லாத பாசம் பொங்கியது. என் பட்டம் போன கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் ஒரு தடவைகூட, "கேம்தானே, நிறுத்தி வெச்சுட்டு வந்திருக்கலாமே" என்று சொல்லவில்லை. "அடப்பாவமே, செத்த பிறகு பையையும் எடுத்துட்டானா?" என்று கேட்டான். நான் அந்தக் கேள்வியிலேயே சம்மதித்துவிட்டேன்.

படியிறங்கும்போது, "ஏற்காட்டு பஜ்ஜி போட்டோ புடிச்சிருந்துதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் ஒரு படியைத் தவறவிட்டேன்.

அவன் அம்மா மட்டும் முகம் மாறாமல், "ஊட்டுல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோமுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தமிழில் இதற்கு 'வேண்டாம்' என்று பொருள். அவர் வாசலைத் தாண்டும்வரை கைப்பை மார்போடுதான் இருந்தது. அதன்பின் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா என் சார்ஜரை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். தறிகூட என்னைத் திட்டுவது போலவே ஓடியது.

பிறகு ஒரு காலையில் பெரியப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். அவர் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. (கரண்ட் இல்லை.)

"பாருங்க, எங்க தம்பி சம்சாரத்துக்குக் கொஞ்சம் பயம் இருக்குது. நான்தான் சொன்னேன். எத்தனையோ ஊட்டுல மருமக மனசுக்குள்ளயே மாமனார் மாமியாரைப் போட்டுத் தள்ளிட்டு, வெளிய சிரிச்சுட்டு நிக்குது. இந்தப் புள்ள கதவைச் சாத்திட்டுப் பேசுனாலும் ஊருக்கே கேக்குது. இதைவிட நம்பிக்கையான பொண்ணு எங்க கெடைக்கும்? பையனும் கட்டுனா இதைத்தான் கட்டுவேங்கறான். நாள் பாருங்க."

கல்யாணம் ஆகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை வீட்டில் இன்றும் யாரும் மொட்டை மாடி என்று சொல்வதில்லை, 'மேல் மாடி'தான். அன்று வந்த நாலு பேருக்கும் தனியாக ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பெயர், 'உயிர் பிழைத்தோர்'. என்னை அதில் சேர்க்கவில்லை. என் கணவர் காட்டித்தான் எனக்கே தெரியும்.

போன மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. காலையில் பெரியப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, நீயும் சரவணனும் திருச்செங்கோட்டு மலைக்குப் போயி ஒரு கும்புடு போட்டுட்டு வாங்களேன். ரொம்ப நாளாச்சு."

"இன்னிக்கேவா பெரியப்பா? ஈரோட்டுல இருந்து வராங்களே."

"அதனாலதான் சாமி சொல்றேன்."

போனோம். அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும்போது கணவரின் கைப்பேசி மணியடித்தது. குழுவில் பெரியப்பா அனுப்பியிருந்தார்:

'வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. எல்லோரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள். நீங்கள் வரலாம்.'