உப்பு பத்தல

நகைமங்கலம் என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருக்கிறது என்கிறார்கள். போய் வந்தவர்கள் சிரிக்கிறார்களே தவிர, விவரம் சொல்வதில்லை.

அந்த நாட்டில் பூரணி என்றொரு பெண் பல வருடமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். எதை வைத்தாலும் சாப்பிடுவாள். மண்ணை வைத்திருந்தாலும் சாப்பிட்டிருப்பாள். அறவாழி என்ற மருத்துவர் அவள் மூளைக்குள் கடுகளவு கருவி ஒன்றைப் பொருத்தினார். சில வாரம் கழித்து அவள் எழுந்து உட்கார்ந்து, ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றாள். அறவாழி அழுதுவிட்டார். குறை சொல்ல வந்துவிட்டதென்றால் பிழைத்துவிட்டாள் என்பது அவர் கணக்கு.

செய்தி மன்னர் மகிழ்வர்மருக்குப் போனது. அரண்மனையில் வாராவாரம் குறைதீர்க்கும் நாள் நடக்கும். தண்ணீர் இல்லை, சாலை இல்லை என்று சனங்கள் வந்து அவர் உயிரை வாங்குவார்கள். மனநல அமைச்சர் இன்பசேகரர் எழுந்தார்.

"மன்னா, சாலை போட்டால் ஒரு குறைதான் தீரும். அந்தக் கருவியை மண்டையில் போட்டால் எல்லாக் குறையும் தீரும்."

சட்டம் வந்தது: குறை சொல்பவர் நோயாளி. எல்லார் தலையிலும் கருவி ஏறியது, அறவாழி தலையிலும்தான். எல்லாக் கருவிகளின் மகிழ்ச்சியையும் கூட்டிக் குறைக்கும் திருகு அரண்மனையில் இருந்தது. நாட்டு நலன் கருதி, மன்னரும் அமைச்சரும் மட்டும் அந்தப் பாக்கியத்தைத் தியாகம் செய்தார்கள்.

கிணறுகள் வற்றின. "உள்ள எவ்வளவு காத்தோட்டம் பாருங்க" என்றார்கள் சனங்கள். ரேஷன் அரிசியில் புழு நெளிந்தது. தனியாகச் சாப்பிட வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். வரி இரட்டிப்பானபோது, கட்டிவிட்டு நன்றியும் சொன்னார்கள்.

குறைதீர்க்கும் நாளுக்கு வந்தவள் பூரணி ஒருத்திதான். அவளுடையது பழைய கருவி, அரண்மனைத் திருகுக்குக் கட்டுப்படாது.

"ஐயா, பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சல்ல சாகக் கெடக்கு. பெத்தவ சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்குப் பயமா இருக்கு."

"பயமும் குறையே" என்றார் அமைச்சர். "கருவியை மாற்றுங்கள்."

"மறுபடி அந்தச் சுவத்துக்கே என்னை அனுப்பிடாதீங்கய்யா."

அறவாழி புன்னகையோடு கத்தியைத் துடைத்தார். அன்று அழுதவர் இவர்தான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, மன்னர் அரண்மனை ரசத்தைக் கொடுக்கச் சொன்னார். பூரணி ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு பத்தல."

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா நினைக்கிறேன்" என்றார் மன்னர், தன்னை மறந்து. "சமையல்காரன்கிட்ட கேட்டா அருமைங்கிறான்."

அமைச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டத்தின் முன் அனைவரும் சமம். நோயாளிகள் இருவர்."

காவலர்கள் மலர்ந்த முகத்தோடு மன்னரைத் தூக்கினார்கள்.

சிகிச்சை முடிந்ததும் மன்னர் அதே ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டு, இப்படியொரு ரசத்தை வாழ்நாளில் குடித்ததில்லை என்று அறிக்கை விட்டார். திருகு இப்போது யார் கையில் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அது குறை.

பூரணி வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முகம் சிரித்தபடி இருந்ததால், குணமாகிவிட்டாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.