தொண்ணூற்றேழில் நிற்கும் சிடி

"தொண்ணூத்தஞ்சு... தொண்ணூத்தாறு... யாரும் நடக்காதீங்க!" என்று கத்தினார் ஜனகராஜ்.

அடுப்படியிலிருந்து ஹாலுக்குள் வைக்க ஒரு காலைத் தூக்கிய அவர் மனைவி ரங்கநாயகி அப்படியே நின்றாள். தொண்ணூற்றேழு வந்தது. கம்ப்யூட்டர் ஒருமுறை முனகியது. திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழ, சிடி ரைட்டர் தட்டை வெளியே நீட்டிக் கைவிரித்துவிட்டது.

"போச்சு! உன் கொலுசுச் சத்தத்துலதான் போச்சு!"

"நான் கொலுசு போட்டே பல வருசமாச்சு" என்றாள் ரங்கநாயகி, காலை இறக்காமல்.

அந்த சிடியில் ஏற வேண்டியது மகள் தேவிகாவின் போட்டோக்கள். மாப்பிள்ளைப் பையன் கிரிதரனுக்கு அமெரிக்காவில் வேலை. லீவு முடிந்து இன்று ராத்திரி ரயில் ஏறுகிறான். ஜாதகம் அம்சமாகப் பொருந்திவிட்டது. பெண் பார்க்கத்தான் நேரமில்லை. "அஞ்சு மணிக்குள்ள போட்டோவ சிடியில போட்டு என்கிட்ட குடுங்க. தப்புனா மேலூர்ல வேற பொண்ணு ரெடியா இருக்கு" என்று தரகர் ஸ்ரீனிவாஸ் கறாராகச் சொல்லியிருந்தார். இப்படி ஒரு இடம் இனிமேல் அமையுமா?

"பிரிண்ட் போட்டே குடுத்துரலாமேப்பா" என்றாள் தேவிகா.

"அமெரிக்கா மாப்பிள்ளைக்கு பிரிண்டா? நம்மளப் பட்டிக்காடுன்னு நெனைக்கவா?"

"அப்ப பிரவுசிங் சென்டர்ல..."

"ஊரான் கடையில என் மகள் போட்டோவ ஏத்துறதா? நானே பாத்துக்கிறேன்."

மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அது. நானே பாத்துக்கிறேன் என்று அவர் சொன்ன எந்தப் பொருளும் அந்த வீட்டில் பிழைத்ததில்லை. தட்டு இறுகியிருக்கிறது என்று தையல் மிஷின் எண்ணெயை விட்டார். தட்டு உள்ளே போனது, திரும்பி வரவில்லை. சின்ன ஓட்டைக்குள் ரங்கநாயகியின் கொண்டை ஊசியை விட்டார். ஊசியும் உள்ளேயே தங்கிவிட்டது. கோபத்தில் பெட்டியைத் திறந்து ஒரு பட்டை ஒயரைப் பிடுங்கி, திரும்பவும் சொருகினார். அதற்குப் பிறகு அப்படி ஒரு ரைட்டர் இருப்பதே கம்ப்யூட்டருக்கு மறந்துபோனது.

வேறு வழியில்லாமல் டவுனில் மலையாண்டி கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டார். "இந்தா, ஆள் கெளம்பியாச்சுண்ணே" என்றார் மலையாண்டி.

அரை மணி நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நரைத்த மீசை, கையில் ரெக்சின் பை.

"சார், சிடி விஷயமா..."

"வாங்க வாங்க! உங்களுக்குத்தான் காத்துக் கெடக்கேன்!" ஜனகராஜ் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து மேசைக்கு அடியில் உட்கார வைத்தார்.

"இல்ல சார், நான் வந்தது..."

"பேச்செல்லாம் பொறவு. மொதல்ல மிஷினப் பாருங்க. என் மகள் வாழ்க்கையே இதுலதான் இருக்கு!"

வந்தவர் ஒரு பெருமூச்சு விட்டு, பையை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுல இருக்கறதும் இப்படித்தான் மக்கர் பண்ணும். யாரு சார் இதுக்கு எண்ணெய் ஊத்துனது?"

"அது... வாங்கும்போதே அப்படித்தான்."

"கொண்டை ஊசியும் வாங்கும்போதே இருந்துச்சா?" என்று ஊசியை உருவி நீட்டினார். தேவிகா களுக்கென்று சிரித்தாள்.

தலைகீழாகச் சொருகியிருந்த ஒயரைத் திருப்பி மாட்டி, எண்ணெயைத் துடைத்தார். ரைட்டர் உயிர் பெற்றது. "ஸ்பீடு அம்பத்திரண்டுல வச்சிருக்கீங்க. பழைய மிஷின் தாங்குமா? நாலுல வச்சு மெதுவா ஓட்டுவோம்."

புதிதாகப் போட்ட சிடி சுற்ற ஆரம்பித்தது. தலையை நீட்டித் திரையில் போட்டோக்களைப் பார்த்தவர், "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டார்.

ஜனகராஜுக்குச் சுருக்கென்றது. சட்டென்று வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்துக்கு மாறினார். வேற்று ஆள் முன்னால் ரகசியம் பேச சௌராஷ்டிரக் குடும்பங்களுக்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. மகால் பக்கம் குடியிருந்தவரை தெருவே அந்தப் பாஷை பேசியதால் அவர் நாக்கு அடக்கமாக இருந்தது. ஒத்தக்கடைக்கு வீடு கட்டி வந்தபின் அந்தப் பயம் விட்டுப்போயிற்று.

"ரிப்பேர் பாக்க வந்தவனுக்கு விசாரணையப் பாரு!" என்றார் மனைவியிடம்.

"காபி குடுக்கவா?" என்றாள் அவளும் சௌராஷ்டிரத்தில்.

"வேணவே வேணாம். குடிச்சிட்டு இங்கேயே சட்டமா உக்காந்துருவான்."

முப்பது சதவீதம். கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக ஓடியது. நிம்மதி வந்ததும் ரங்கநாயகிக்கு வாய் திறந்தது. "மாப்பிள்ளையோட அம்மா சரியான ராங்கிக்காரியாமே?"

"தரகர் சொன்னாரு. அப்பங்காரரு ஒரு வாயில்லாப் பூச்சியாம். அந்தம்மா நில்லுன்னா நிப்பாராம், உக்காருன்னா உக்காருவாராம்."

"நம்ம தேவிகா போய் ரெண்டு பேரையும் ஒரு வழிக்குக் கொண்டு வந்துருவா."

மேசைக்கு அடியில் இருந்தவருக்கு இருமல் வந்தது. வந்த இருமல் நிற்கவே இல்லை.

தேவிகா தண்ணீர் கொண்டுவந்தாள். பின்னாலேயே காபியும் வந்தது. "அப்பா, வயசுல பெரியவரு. அவருக்குப் புரியலைன்னாலும் அவன் இவன்னு பேசுறது தப்பு" என்று சௌராஷ்டிரத்திலேயே அப்பாவைக் கண்டித்துவிட்டு, "மேல வந்து சேர்ல உக்காந்து குடிங்க சார்" என்று தமிழில் சொன்னாள். வந்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொட்டு விடாமல் காபியைக் குடித்தார்.

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. ரங்கநாயகி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொண்ணூற்றெட்டு!

"நூறு!" ஜனகராஜ் துள்ளிக் குதித்தார். மணி நாலரைகூட ஆகவில்லை. வந்தவர் சிடியை எடுத்து விரல் படாமல் உறையில் போட்டார்.

டெலிபோன் அடித்தது. மலையாண்டிதான். "அண்ணே, கோவிச்சுக்காதீக. நம்ம ஆளு வண்டி யானைமலைகிட்ட பஞ்சராகி நிக்குதாம். நாளைக்கு அனுப்பவா?"

ஜனகராஜ் ரிசீவரைக் காதில் வைத்தபடியே மெல்லத் திரும்பினார். வந்தவர் சிடியைத் தன் பைக்குள் பத்திரமாக வைத்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார்... அந்த சிடி... நீங்க...?"

அவர் சுத்தமான சௌராஷ்டிரத்தில் சொன்னார்: "தரகர் எதுக்கு, என் மகன்கிட்ட நானே குடுத்துர்றேன் சம்பந்தி, பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு, ஆனா நீங்க பேசுனத மட்டும் என் வீட்டுக்காரி காதுல போட்டுறாதீங்க, அப்புறம் எனக்குத்தான் சோறு கெடைக்காது."