கண்ணாடி ஓட்டு வெயிலும் சிங்கப்பூர் மாமாவின் முட்டியும்

வெயிலால் நொந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். வெயில் கிடைக்காமல் நொந்தவன், எனக்குத் தெரிந்து, பூந்தமல்லி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அந்த வெயிலைப் பிடிக்கப் போய் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தையே கருக்கியவனும் நான்தான்.

எண்பதுகளின் நடுவில், பூந்தமல்லி கடைத்தெருவில் காதர் பாய் நடத்திய போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு டார்க் ரூம் வேலை. பாய் வெளியே போய்ப் படம் எடுப்பார். நான் உள்ளே இருட்டில் ஃபிலிமைக் கழுவி பிரிண்ட் போடுவேன். நசரத்பேட்டையிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக சைக்கிளில் வந்து உள்ளே நுழைந்தால், திரும்பி வரும்போது தெருவிளக்கு எரியும். சாப்பாடும் உள்ளேயேதான். (கெமிக்கல் வாடையில் ரசம் சாதம் சாப்பிட்டுப் பழகியவனுக்கு அப்புறம் எந்த ஓட்டல் சாப்பாடும் மோசமாகத் தெரியாது.) இப்படியே பல வருஷம் ஓடியது.

முதலில் இடது முட்டி வீங்கியது. பிறகு வலது. அப்புறம் மணிக்கட்டு, விரல் கணுக்கள். தொட்டால் சுடும். காலையில் விரல்கள் மடங்கவே மடங்காது. என் மனைவி விஜயாதான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள்.

"கொயந்த பொறந்தா அதுக்கும் உனக்கும் சேத்து நான்தான் போட்டுவுடணும் போலகீது," என்று தினமும் சிரித்துக்கொண்டே சொல்பவள், ஒரு நாள் சொல்லும்போது சிரிக்கவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஈ.எஸ்.ஆர். எகிறிக் கிடக்கே! உடம்புக்குள்ள அழற்சி இருக்குன்னு அர்த்தம். அதான் வீக்கம், சூடு, வலி," என்றார். பிறகு என் கையைப் புரட்டிப் பார்த்தார். "நீ வெயில்லயே போறதில்லையா?"

"டார்க் ரூம் வேலை சார்."

"வெயில் பட்டாத்தான் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். அது கொறஞ்சா எலும்பும் தசையும் வலிக்கும். அழற்சியை அடக்கி வைக்கிறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கலாம்னு இப்ப சிலபேர் சொல்றாங்க. உனக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். மாத்திரை எழுதித் தர்றேன், ஒழுங்கா சாப்பிடு. தினம் கொஞ்ச நேரம் உச்சி வெயில்லயும் நில்லு. கை காலெல்லாம் வெயில் படணும்."

அவர் சொன்ன 'இருக்கலாம்', 'அடிச்சுச் சொல்ல மாட்டேன்' எதுவும் என் காதில் ஏறவில்லை. வெயில் என்ற ஒரு சொல் மட்டும் ஏறியது. ஏறியது என்றால் சும்மா இல்லை, சாமி ஏறுவது மாதிரி ஏறியது. என் சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்ளும் வரை இந்தச் சூரியனை விடுவதில்லை என்று வீடு வரும் வழியிலேயே சபதம் எடுத்துவிட்டேன்.

சபதத்துக்குக் குறுக்கே நின்றது முகூர்த்த மாதம். மதியம் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டுமா என்று பாயிடம் கேட்டேன்.

"வெயில்ல நிக்கிறதுக்குப் பர்மிசனா? இன்னாப்பா, கருவாடா நீ?" என்று சொல்லிவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நான் வெயிலுக்குப் போக முடியாவிட்டால் வெயில் என்னிடம் வரட்டும் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஸ்டுடியோ பழைய ஓட்டுக் கட்டடம். டார்க் ரூமின் கூரையில், வெளிச்சத்துக்காக யாரோ எப்போதோ பதித்த ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் கறுத்துவிடும். வெளிச்சம்தான் எங்களுக்குச் சத்துரு என்பதால் அதன் கீழே பாய் ஒரு கறுப்புப் பலகை அடித்து வைத்திருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து அதற்குக் கீல் வைத்து, ஒரு கயிறும் கட்டிவிட்டேன். கயிற்றை இழுத்தால் பலகை திறக்கும். உச்சி வெயில் தூண் மாதிரி இறங்கும். அதன் கீழே ஸ்டூலைப் போட்டு, சட்டையைக் கழற்றி, பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவேன். ஒரு மாதம் இந்தத் தவம் நடந்தது. வீக்கம் வடிகிற மாதிரிகூடத் தோன்றியது. (மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். வெயில் இருக்க மாத்திரை எதற்கு?)

அப்போதுதான் அருணாசலம் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம் வந்தது. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். ஆவடி தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. ஒரே மகளுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். பாய் எடுத்துவந்த ரோல்களை என் கையில் கொடுத்து, "சேகரு, அண்ணாச்சி அவசரப்படுறாரு. எல்லாத்தையும் ஒண்ணா கய்வி முடிச்சுடு," என்றார்.

கும்மிருட்டில் எல்லா ரோலையும் ஃபிலிம் கழுவும் டெவலப்பர் தொட்டியில் இறக்கினேன். மூடியைத் தடவி எடுத்து மூடினேன். மூடியாயிற்று, இனி பயமில்லை என்று கயிற்றை இழுத்தேன். சட்டையைக் கழற்றி, முட்டியைக் காட்டி, கண்ணை மூடினேன். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தேன். பக்கத்திலிருந்த காலித் தொட்டியின் மேல் மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வெயில் பாதி என் முட்டியிலும் பாதி கல்யாணத் தொட்டியிலும் விழுந்துகொண்டிருந்தது.

எடுத்துப் பார்த்தால் தாலி, மாலை, மாப்பிள்ளை, மேளக்காரர் எல்லாம் ஒரே கறுப்பு.

பாய் வந்து, ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். "அயுதுகினு உக்காந்தா ஃபிலிம் வெளுத்துடுமா? ஏறு ஸ்கூட்டர்ல. கல்யாணத்த இன்னொரு வாட்டி பண்ணிக்கலாம்."

அண்ணாச்சி வீட்டு வாசலில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த காபி டம்ளர் சாய்ந்தது. "அத்தனையுமா கருத்துப் போச்சு? எம் மவ கல்யாணத்த முழுசா முழுங்கிட்டீரேவே!"

உள்ளேயிருந்து அவர் மனைவி அழுதுகொண்டே வந்தார். தாய்மாமன் முறை செய்யச் சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய தம்பி மறுநாளே திரும்பிப் போய்விட்டாராம். "எந் தம்பி இல்லாத ஆல்பம் எனக்கு எதுக்கு? நாளைக்கு அவன் கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

பாய் மெதுவாகத் திரும்பி என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்தார். "மச்சான் ஒசரம் இன்னா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார்.

அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார். "ஒசரம் சரிதான். தொப்பதான் காணாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், அதே கோயில் வாசலில், கல்யாணம் மறுபடி தொடங்கியது. பந்தல் இல்லை. பின்னால் ஒரு ஷாமியானாத் துணியை மட்டும் கட்டியிருந்தோம். மாப்பிள்ளை இடையில் திருப்பதி போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார். தலைப்பாகை வைத்து மறைத்தோம், அது அடிக்கடி கண் வரைக்கும் இறங்கியது. ஒருமுறை கட்டிய தாலியை அவிழ்க்கக் கூடாது என்று பெண்ணின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை ஒரு வெறும் மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிற மாதிரி நடித்தார். நான் சிங்கப்பூர் மாமா விட்டுப் போயிருந்த கோட் சூட்டில் நின்றேன். வயிற்றில் ஒரு துண்டு, கண்ணில் கூலிங் கிளாஸ்.

ஏரிக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னா படம் அண்ணாத்தே?" என்றான் ஒருவன்.

"தெர்ல மாமே. கோட்டு போட்டுகினு நிக்கிறான் பாரு, அவன்தான் வில்லன்," என்றான் இன்னொருவன்.

கடைசியாக ஆசீர்வாதப் படம். மணமக்கள் என் காலில் விழ வேண்டும், நான் குனிந்து தூக்க வேண்டும். விழுந்தார்கள். குனிந்தேன். என் இடது முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. கோட் சூட்டோடு நான் மாப்பிள்ளை முதுகின் மேல் சரிய, தலைப்பாகை உருண்டு ஓட, மொட்டைத் தலை வெயிலில் பளபளக்க, பாய் பழக்க தோஷத்தில் கிளிக் செய்துவிட்டார்.

முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் பாய் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் கூலிங் கிளாஸைப் பார்த்து ஒரு கணம் எழுந்தே நின்றுவிட்டார். எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"கண்ணாடி வழியாவா வெயில் காய்ஞ்சே?" என்றார். "வைட்டமின் டி உண்டாக்குற கதிரைக் கண்ணாடி தடுத்துடும்யா. சூடுதான் உள்ள வரும், சத்து வராது. மாத்திரை?"

நான் கூலிங் கிளாஸைச் சரிசெய்துகொண்டேன்.

"ஒரு மாசம் கண்ணாடிக்கு அடியில. இன்னிக்குப் பூரா கோட்டுக்குள்ள. வெயிலையே ஏமாத்துற கில்லாடி நீ ஒருத்தன்தான்யா!"

மறுநாள் முதல் பாய் ஒரு சட்டம் போட்டார். மதியம் டார்க் ரூமைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். நான் கை காலைக் காட்டிக்கொண்டு கடை வாசலில் நிற்க வேண்டும். "கருவாடு காயுது, தள்ளிப் போங்கப்பா," என்று போகிறவர்களிடம் அவரே சொல்வார். மாத்திரையை விஜயா எண்ணிக் கொடுத்தாள். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. ஒரு காலையில் என் சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொண்டு நின்றேன். விஜயா சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் குணமாக்கியதா, மாத்திரையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போதெல்லாம் வைட்டமின் டி அளவை ரத்தத்திலேயே அளந்துவிடுகிறார்கள். அது குறைந்தவர்களுக்கு அழற்சி கூடுதலாக இருப்பது தெரிகிறதாம். ஆனால் குறைவால் அழற்சி வருகிறதா, அழற்சியால் அளவு குறைகிறதா என்று பெரிய டாக்டர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். டார்க் ரூம்காரன் நான் எங்கே முடிவு சொல்வது?

ஆல்பம் அழகாகத்தான் வந்தது. நான் விழுகிற படத்தையும் அண்ணாச்சியின் மகள் பிடிவாதமாக ஒட்டச் சொல்லிவிட்டாள். மறுவருஷம் லீவில் வந்த நிஜ மாமா, அக்கா வீட்டில் அதைப் புரட்டிப் பார்த்து, "நான் எப்பக்கா விழுந்தேன்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே ஆல்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். கதவைத் தட்டி என்னை வெளியே அழைத்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீருதான் நானாவே?"

தலையாட்டினேன். அடிதான் விழும் என்று நினைத்தேன். அவர் குனிந்து என் இடது காலைப் பார்த்தார்.

அன்றைக்குக் கேட்ட அந்த ஒரு கேள்வியை அவர் நிறுத்தவே இல்லை. லீவில் வரும்போதெல்லாம் கேட்டார். என் மகள் கல்யாணத்தில் பந்தி நடுவே எல்லோர் முன்னாலும் கேட்டார். விஜயாவும் மகளும் காலையில் நான் கட்டிலை விட்டு எழும்போது அவர் குரலிலேயே கேட்கிறார்கள். போன வாரம்கூட சிங்கப்பூரிலிருந்து போன். எடுத்ததும், சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கிடையாது.

"என் முட்டி இப்ப எப்படிவே இருக்கு?"